மறுபடியும் பத்தொன்பது

தை 9, ஞாயித்துக்கிழமை.

இன்னைக்கு எனக்கு இருபத்து மூணு முடிஞ்சுது. பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட அம்மா நாலு வருசமா பத்தொன்பதுன்னேதான் சொல்லிட்டிருக்குது.

"பொறந்த நாளுக்கு வா கண்ணு"ன்னு அப்பா எழுதினத நம்பி, சேலத்துல நான் பாடஞ்சொல்லிக் குடுக்கற பள்ளிக்கூடத்துல திங்கக்கிழமைக்கு லீவு சொல்லிட்டு இந்தக் குளிர்ல மலையேறி வந்தேன். வந்து பாத்தா, அப்பா எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டராச்சே, ஊட்டு விசேசம்னு துரை பங்களா நாற்காலி நாலு முன்னறையில கெடக்குது. இன்னொரு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்திருக்காங்க.

மாப்பிள்ளையோட அம்மா என் தங்கச்சி ராசாத்திகிட்ட வயசு கேட்டாங்க. வெகுளி, இருபதுன்னு நெசத்தையே சொல்லிட்டா.

"அப்ப நீதான் பெரியவளா சாமி?"

அவ எங்கம்மா மூஞ்சியப் பாத்தா. "ஆமாங்க"ன்னா.

"பெரியவ இருக்கறப்ப சின்னவளுக்குப் பாக்கறது மொறையில்லீங்களே"ன்னு சிரிச்சுட்டே, எனக்குன்னு கொண்டாந்த பூவ அவ தலையில வெச்சுட்டாங்க.

அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. வாயத் தொறந்தா நாலு வருசப் பொய்யும் வெளிய வந்துரும். நானுந்தான் தொறக்கல.

அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, எல்லார் காதுலயும் உழுற மாதிரி சொல்லுச்சு:

"உனக்கென்ன கண்ணு, இன்னும் வயசு கெடக்குது."