இறால் நின்று கேட்ட பாட்டு

அக்கா, இன்று காலை உன் இறால் கூடையை, அந்த ஓலைப் பறியைக் கழுவினேன். ஓலை விளிம்பில் உன் பல் பதிந்த இடம் அப்படியே இருக்கிறது. சேறு போனது, அது போகவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. போய்ச் சேர்ந்தவள் எதையாவது உருப்படியாக விட்டுப் போயிருக்கக் கூடாதா?

கடல் கலக்கிற ஏரித் தண்ணீரில் தவழ்ந்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற நமக்குப் பறியை வாயில்தான் கவ்வ வேண்டும். வாய் சும்மா இருந்தால்தானே பேச்சு? நாங்களெல்லாம் பேசாமல் வேலையைப் பார்ப்போம். நீ மட்டும் மூக்காலேயே ஒரு பாட்டை இழுப்பாய். கரையில் போகிறவர்கள் யாரோ அழுகிறாள் என்று நின்று பார்ப்பார்கள். மானம் போகும் எனக்கு.

பத்தாவது படித்த திமிரில் உனக்கு விஞ்ஞானம் சொன்னேன். காற்றைவிடத் தண்ணீரில் சத்தம் வேகமாகப் போகும், நீ முனகுகிற முனகலில் இறாலெல்லாம் ஓடிவிடும் என்று. பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாய்: "ஓடுற இறா எனக்கு வேணாம்மே. நின்னு கேக்குது பாரு, அது போதும்." அன்றைக்கு உன் பறிதான் முதலில் நிறைந்தது, அது வேறு வயிற்றெரிச்சல்.

பாட்டுக்கு வார்த்தை என்னவென்று நான் கேட்காத நாளில்லை. கரைக்கு வந்து சொல்கிறேன் என்பாய். கரைக்கு வந்தால், செல்போன் டவர் உச்சியில் ஏன் சிவப்பு விளக்கு, பௌர்ணமிக்கு ஏன் தண்ணீர் ஏறுகிறது என்று என்னைக் குடைவாய். நான் யோசிப்பதற்குள் வியாபாரி வந்துவிடுவார். பாட்டு அதோடு போச்சு.

உன் மகள் கலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பார்க்க அனுப்பம்பட்டுக்குப் போனேன். அம்மா பாடுமே, அந்தப் பாட்டுக்கு வார்த்தை சொல்லு, இவளைத் தூங்கவைக்கணும் என்று பிடித்துக்கொண்டாள். நான் எங்கே போவேன்? மாப்பிள்ளை போனை நீட்டினார். முனகினாலே என்ன பாட்டென்று அது சொல்லிவிடுமாம். முனகினேன். ஒரு தடவை சினிமாப் பாட்டு என்றது, மறு தடவை இந்திப் பாட்டு என்றது, அப்புறம் ஏதோ விளம்பரம் என்றது. தலையில் அடித்துக்கொண்டேன்.

நானே நாலு வார்த்தை கட்டிச் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. உங்கம்மா ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை கண்ணு என்றேன். அவள் அழுதுவிட்டாள். "அப்போ அம்மாவோடது எங்கிட்ட ஒண்ணுமே இல்லியா சித்தி?"

கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, உன்மேல். குழந்தையை வாங்கி மடியில் போட்டு, உன்னைப் போலவே மூக்கால் இழுத்தேன். தூங்கிவிட்டது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் கலாவின் போன். சித்தி பாடாமல் பாப்பா தூங்கமாட்டேன்கிறாளாம். அடுப்பில் குழம்பு தீய்கிறது, நான் போனில் முனகிக்கொண்டு நிற்கிறேன். இதெல்லாம் நீ இருந்து செய்ய வேண்டிய வேலை.

நேற்று பாதியில் குழம்பு பொங்கியது, போனைக் காதில் வைத்தபடி பாட்டை விட்டுச் சட்டியை இறக்கினேன். அந்தப் பக்கம் கலா மீதியை முனகி முடித்தாள். இம்மிகூடப் பிசகவில்லை. உன்னைக் கேட்டு வளர்ந்தவள், எல்லாம் உள்ளேயே இருந்திருக்கிறது. இனி நான் தேவையில்லை.

"ஒரு எடத்துல தப்பு. நாளைக்குக் கூப்புடு, சொல்லித் தரேன்" என்றேன்.

தப்பே இல்லை. நீ போன பிறகு என் பக்கத்தில் முனக ஆளில்லை, நான் என்ன செய்வேன்?