கடைக் கணக்குக்கு ஒரு பென்டியம்

மதுரை
19.11.2005

சிரஞ்சீவி ஸ்ரீனிவாசுக்கு அம்மா எழுதிக்கொண்டது. பெருமாள் புண்ணியத்தில் அப்பா, நான், இந்துப்ரியா மூவரும் இங்கே சுகம். ஹூஸ்டனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தினம் விளக்கேற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே அம்மா போனில் பேசினாள், எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இது போனில் சொல்கிற விஷயம் இல்லை. உன் போன் வந்தால் உன் அப்பா கோபமாக எழுந்து போகிறார், போய் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு அங்கேயே நின்றுகொள்கிறார்.

நம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது. உன் தங்கை இந்து இரண்டு வருஷமாகக் கேட்டு ஓய்ந்துவிட்டாள், அவளுக்காக இல்லை. தீபாவளி வியாபாரம் முடிந்த மறுநாள் உன் அப்பாவே ஆரம்பித்தார், சேலைக் கடைக் கணக்குக்கு வேண்டுமாம். அந்தக் கணக்கை இருபது வருஷமாக எழுதுகிறவள் நான், என் நோட்டில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டேன். குறை இல்லை ராதா, காலம் மாறிப்போச்சு என்றார். கடையில் உட்கார மாட்டேன், வெளிநாட்டு வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது மட்டும் காலம் மாறவில்லை போலிருக்கிறது, பதினாலு மாதமாக உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே. கம்ப்யூட்டர் பேச்சை எடுத்த நாளிலிருந்து பேப்பரில் வந்த விளம்பரங்களை எல்லாம் வெட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பென்டியம் 4 என்கிறார், செலரான் என்கிறார், பக்கத்தில் 2.4, 2.8 என்று எண் வேறு. நானும் சும்மா இருப்பேனா, எல்லாவற்றையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சேலை நூலில் அறுபதாம் நம்பரை விட எண்பது உசத்தி, அதுபோல 2.8தான் உசத்தி என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். பென்டியமும் செலரானும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானாம், ஆனால் செலரானுக்கு 2.8 என்று அடுப்பு வேகமாக எரிந்தாலும் கையெட்டுகிற பலகை சின்னது, உப்புக்கும் புளிக்கும் உள்ளே போய்ப் போய் எடுத்துவர வேண்டும். பென்டியத்துக்கு எல்லாம் கைப்பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் 2.4 ஆனாலும் முந்திக்கொள்ளும். இந்து சொன்னதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன், சரிதானே?

எது வாங்குவது என்று முடிவாகாமல் வழக்கம்போல பூக்கட்டிப் போட்டுப் பார்த்தேன். செலரானுக்கு வெள்ளைப் பூ, பென்டியத்துக்குச் சிவப்பு, இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து, கடைக் கணக்குக்கு எது நல்லது என்று வேண்டிக்கொண்டு இந்துவை ஒன்று எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது. பூ உத்தரவை இதுவரை மீறாத உன் அப்பா, பூ வாடியிருக்கு, நாளைக்குப் புதுப் பூ வாங்கிப் போடு என்றார். அன்று காலையில்தான் பூச்சந்தையிலிருந்து வந்த பூ. இவர் மனதில் வேறு என்னவோ இருக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது.

நேற்று டவுன்ஹால் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்லகாமன் எழுமலைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். எதுக்கு வாங்குறீகண்ணே, கடைக் கணக்குக்குன்னா செலரானே தாராளமாப் போதும், எதுக்கு அம்புட்டுச் செலவு என்றார். இவர் ஃபேனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். இல்ல, பென்டியமே இருக்கட்டும் என்றார். சும்மா கெடக்குமேண்ணே என்று அவர் விடவில்லை. அப்புறம்தான் இவர் குரலை இறக்கி, பையன் அமெரிக்காவுல இருக்கான், முகம் விட்டு விட்டு வராமத் தெரியணும் என்று சொன்னார். நான் ஓரமாக இருந்த பிரிண்டரை வாங்கப்போகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன், காதில் விழாதது போல. அதை மொதல்லயே சொல்லியிருந்தா நானும் மொதல்லயே பென்டியம்னு சொல்லியிருப்பேனேண்ணே, கேமராவும் சேத்து மாட்டிருவோம் என்றார் நல்லகாமன். வீட்டுக்கு வந்ததும் பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டேன். கடைக் கணக்குக்கு என்று கேட்டது நான், கேட்டதற்கு அவர் சரியாகத்தான் வெள்ளைப் பூ கொடுத்திருக்கிறார்.

நெட் கனெக்‌ஷன் அடுத்த மாதம் முதல் வாரத்தில் வருமாம். டிசம்பர் பதினொன்று ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை எட்டு மணி, உனக்குச் சனிக்கிழமை ராத்திரி, கேமரா முன்னால் வந்து உட்கார். தாடியை எடுத்துவிடு. உன் அப்பா அன்றைக்கு என்று ஒரு சட்டையை இப்போதே தேய்த்து வைத்திருக்கிறார், கேட்டால் கடைக்கு என்பார். நான் எழுதியதாக மூச்சு விடாதே. ஊரை விட்டுப் போனதைப் பற்றியும் நீயாக எடுக்காதே. அவர் முகம் தெரிந்ததும், செலரான்தானேப்பா வாங்கினீங்க என்று மட்டும் கேள். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

பெருமாள் உனக்கு ஆயுசும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். எட்டு மணியை மறக்காதே.

அன்புள்ள அம்மா,
ஜ. ராதாமணி