காலண்டரில் இல்லாத கீறல்

திருத்தங்கல்,
20-8-2006

அன்புள்ள அருள்பாண்டி அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். கல்யாணத்துக்கு முன்னால் பெண் கடிதம் போடுவது முறையில்லை என்று தெரியும். மன்னிக்க வேண்டும். போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு 'ம்' தவிர ஒன்றும் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். மேகம் போட்டிருப்பதால் பட்டாசுக் கம்பெனிகளில் வெடி காயப்போடும் வேலை நின்றிருக்கிறது. இன்று கோயிலில் நம் கல்யாணத்தை அறிவித்து முதல் ஓலை வாசித்தார்கள். நம் பெயர்களைச் சேர்த்து வாசித்தபோது நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். ஜெபக்கனி அக்கா என் விலாவில் இடித்து, "நிமிருடி, ஊரே உன்னையத்தான் பாக்குது" என்றாள்.

சென்னையிலிருந்து நீங்கள் அனுப்பிய அடுத்த வருஷக் காலண்டர் வந்தது. நல்ல மேய்ப்பர் படம் நீங்களே கம்ப்யூட்டரில் செய்தது என்று உங்கள் அம்மா பெருமையாகச் சொன்னார்கள். முள்ளுக்குள் சிக்கிய ஆட்டுக்குட்டியை இயேசு தூக்கி எடுக்கிறார். அழகான படம். அக்கா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கருவேல முள்ளுக்குள்ள கையை விட்டிருக்காரு, ஒரு கீறல்கூட இல்லையேடி. மாப்பிள்ளை மருந்து போட்டு ஆத்திட்டாரோ?" என்று சிரித்தாள். சின்ன வயதில் எங்கள் ஆடுகளை மேய்த்தவள் அவள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அக்காவைப் பற்றி, பட்டாசுக் கம்பெனியில் தீக்காயம் பட்டவள் என்று மட்டும்தான் உங்களிடம் சொல்லியிருப்போம். அப்பா இறந்தபின் அவள் வேலைக்குப் போனதால்தான் நான் காலேஜுக்குப் போனேன். வெடிமருந்து ரூமில் சத்தம் கேட்டால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓட வேண்டும், திரும்பிப் பார்க்கவே கூடாது. வேலைக்குச் சேர்ந்ததும் அங்கே சொல்லித் தருவது அதைத்தான். அன்றைக்கு அக்காவும் ஓடி வெளியே வந்துவிட்டாள். வேப்பமரத்தடியில் நின்ற பெண்களில், கூட வேலை பார்த்த பத்திரகாளியைக் காணோம். அக்கா திரும்பி உள்ளே போனாள்.

அக்காவின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனதால் இப்போது பத்திரகாளிதான் வந்து அவளுக்குத் தலை பின்னிவிடுகிறாள். "கூறுகெட்டவளே, எதுக்குடி திரும்பி வந்தே?" என்று பின்னும்போதெல்லாம் திட்டுவாள். "நீ சடையை இம்புட்டுக் கோணலாப் பின்னுவேன்னு தெரிஞ்சா வந்திருக்க மாட்டேன்" என்பாள் அக்கா.

போன வாரம் அத்தை வந்திருந்தார்கள். உங்கள் அம்மாவைக் குறை சொல்லவில்லை, என் மேல் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். பீடத்தின் முன்னால் என் கையைப் பிடித்து உங்களிடம் ஒப்புக்கொடுக்க அப்பா இல்லையே, யார் கொடுப்பது என்று பேச்சு வந்தது. அம்மா அக்காவைப் பார்த்தாள். அத்தை, "ஆயுசுக்கும் ஆல்பத்துல இருக்கிற படம்ல. தாய்மாமா குடுக்கட்டும். பெரியவ ஓரமா நின்னாப் போதும், அவ கையை எம்மகன் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிருவான்" என்றார்கள். அக்கா உடனே, "அதுவும் சரிதான் அத்தை. பந்தியில உப்புப் பாக்க ஒரு ஆள் வேணும்ல" என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நான் காப்பித் தட்டோடு நின்றேன். பட்டம் வாங்கியவள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கை படத்தில் விழாதே என உள்ளுக்குள் 'அப்பாடா' என்று இருந்தது. இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நல்ல மேய்ப்பரைப் பற்றிச் சொல்லித் தருகிறவள் நான். ஆடுகளுக்காக உயிரையே கொடுத்தவர் என்று இன்றைக்கும் சொன்னேன். உயிர்த்தெழுந்த பின்னும் அவர் ஆணித் தழும்பை மறைக்கவில்லை, சீஷர்கள் முன்னால் கையை நீட்டிக் காட்டினார் என்று சொல்ல வந்தேன், முடிக்கவில்லை. பிள்ளைகளைப் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான். கல்யாணப் படத்தில் எதையும் சரி செய்ய வேண்டாம். என் கையை உங்களிடம் ஒப்புக்கொடுப்பது அக்காவாக இருக்கட்டும். அடுத்த ஓலைக்கு முன்னால் அத்தையிடம் நீங்களே சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். கடைசி நேரத்தில் அக்கா கையை இழுத்துக்கொள்ளப் பார்ப்பாள். அப்போது என் கை காத்திருக்கட்டும். முதலில் அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
எஸ்தர் ராணி