உள்ளறையில் வைத்திருந்த குட்டி

மார்ச் 3
நானும் மனைவியும் பெர்ஷியன் பூனைக்குட்டி பார்க்கப் போனோம். மகன் என்னோடு முட்டிக்கொண்டு வெளியூர் போனதிலிருந்து இவளுக்கு வீட்டில் பொழுது ஓடவில்லை. பூனை வளர்க்கும் அம்மா நான்கு குட்டிகளைக் கூடத்தில் விட்டார். டைல்ஸ் வியாபாரி எனக்கா தெரியாது? நல்ல சரக்கை எவன் முன்னால் அடுக்குவான்!

"உள்ள ஒண்ணு கத்துதே, அதைக் காட்டுங்கம்மா."

"அது விக்கிறதுக்கு இல்ல சார். ரெண்டு வீட்ல வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க."

நோயா? இல்லையாம். அப்புறம் நான் விடுவேனா? சாம்பல் நிறம். கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

மார்ச் 9
தினமும் முடியைச் சீவ வேண்டும், கண்ணில் வடிவதை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். இரண்டும் என் தலையில்.

"பெத்த பிள்ளைக்கு ஒரு நாள் தலை சீவியிருப்பீங்களா?" என்று சிரிக்கிறாள்.

மார்ச் 16
சாயங்காலம் குட்டி வாசல் கதவுக்கு ஓடிப்போய்க் கத்தியது. இவள் திறந்தாள். யாருமில்லை. குட்டியோ வாலைத் தூக்கிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி, யார் காலையோ உரசிக்கொண்டே மகன் அறைக்குள் போனது. வெறும் காற்றில் சாய்ந்தால் விழ வேண்டாமா? விழவில்லை. சாய்ந்து நின்றது.

மார்ச் 17
இன்றும்.

மார்ச் 20
டாக்டர் குட்டியைப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். பூனை வளர்க்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அந்த ரெண்டு வீட்லயும் இதே கதைதான் சார். வெளிய போனவங்களை வாசல்ல நின்னு கூட்டிட்டு வருமாம்."

"போனவங்க வந்தாங்களா?"

"ஒரு வீட்ல வந்தாங்க."

இன்னொரு வீட்டைப் பற்றிக் கேட்காமலே போனை வைத்துவிட்டேன். எந்தப் பேரத்திலும் நான் பாதியில் எழுந்தவன் இல்லை.

திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றேன். "கொடுங்க. நானும் அது கூடவே போறேன்" என்றாள் இவள்.

மார்ச் 22
முதலில் கூப்பிடுவது நானா என்ற வீம்பு — போகட்டும், கூப்பிட்டேன். மகனின் போன் அணைந்து கிடக்கிறது. அவனோடு தங்கியிருக்கும் பையனைப் பிடித்தேன்.

"பதினாறாம் தேதி காலையிலயே பைக்ல கிளம்பிட்டானே அங்கிள். அப்பாகிட்ட நேர்ல பேசிடறேன்னான். சாயங்காலமே வந்திருக்கணுமே... வரலையா?"

பதினாறு. குட்டி முதன்முதலாக வாசலுக்கு ஓடிய நாள். ஐயோ, என்னடா இது.

நேராகப் போலீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். கடை நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். இவளுக்குத் தெரியாது.

மார்ச் 25
தகவல் இல்லை. வழியெல்லாம் தேடுகிறார்களாம்.

சாயங்காலம் குட்டி வாசலுக்குப் போனது. இவள் எழுவதற்குள் நானே போய்க் கதவைத் திறந்தேன். வெறும் படி. குட்டி மெல்ல அண்ணாந்தது, என் தோள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலே.

ஒதுங்கி வழிவிட்டேன். "வாடா" என்றேன்.