துரைசாணியின் மௌன விரதம்

ரங்கூன், 1926 ஆடி, செவ்வாய் இரவு.

எங்கள் துரைசாணி சீமை மேடைகளில் பாடினவள். இங்கே காலேஜில் பாட்டுச் சொல்லித் தருகிறாள். கச்சேரிக்கு முந்தின நாள் வாய் திறக்க மாட்டாள், தொண்டைக்கு ஓய்வாம். அன்றைக்கு நான் இஷ்டத்துக்குக் கேலி செய்வேன். கச்சேரி முடிந்ததும் சேர்த்துவைத்துத் திட்டுவாள்.

இந்த வாரம் கச்சேரியே இல்லை. இருந்தும் மூன்று நாளாகப் பேச்சில்லை. இன்று அவளிடம் படிக்கும் ரோஸி வீட்டுக்கே வந்துவிட்டாள். பர்மாக்காரர் வழக்கப்படி டீச்சரம்மாவை 'சயாமா' என்பாள்.

"ஆயா, சயாமா ஏன் காலேஜுக்கு வரல?"

"மாரியம்மனுக்கு மௌன விரதம்டி. தீமிதிக்கும் பேர் கொடுத்திருக்காங்க."

ரோஸி சிரித்துக்கொண்டே போனாள். கதவுக்குப் பின்னால் துரைசாணியும் சிரித்தாள். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் போனால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

தாயே, நாளைக்கு அவள் என்னை வாய் நிறையத் திட்ட வேண்டும்.