செவ்வாயைப் பற்றி ஹெப்சிக்கு எழுதியது

கான்பூர்
27.7.1997

அன்புள்ள பெர்சிஸ்,

தேவகிருபையால் சுகமாயிருக்கிறேன். உன் மூட்டுவலி குறைந்ததா?

நேற்று ஆம்பூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஜெஸ்டன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உங்க மச்சான் சர்ச்சுல இன்னா பேச்சு பேசினாரு சார். செவ்வாய் கிரகத்துல எறங்குன வண்டிய இவரே ஓட்டின மாதிரி. அந்த மண்ணு, தோலுக்குப் பட்டை ஊறவச்ச தண்ணி நெறமாம்."

நானும் சிரித்துவைத்தேன். தோல் பதனிடும் ஷாப்பில் கால் வைக்காத உன் அண்ணனுக்கு அந்த நிறம் எப்படித் தெரியும்? நம் மகள் ஹெப்சிக்கு செவ்வாயைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை நீதான் அவரிடம் கொடுத்திருக்கிறாய். பெண் பார்க்க வந்த அன்று, என் சட்டையில் தோல் நாற்றம் என்று மூக்கைப் பொத்தியவர் அவர்.

ஊறுகாய் தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. தபால்பெட்டி திறக்கும் நேரம், முடிக்கிறேன். ஹெப்சி அந்தக் கடிதத்தைப் படித்தாளா, மாமா பேசித்தான் கேட்டாளா? அதை மட்டும் உடனே எழுது.

தேவானந்தம்