கூட்டி எழுதிய இரண்டு செகண்ட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அங்கே அதே போல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பேசுவது உனக்குத் தெரியும், சாப்பிட்டாயா, வேலை எப்படி, சரி அம்மாவிடம் கொடுக்கிறேன், அவ்வளவுதான் என் சரக்கு. இப்போது சொல்ல வேண்டியது அதற்குள் அடங்காது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரையைத்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மறக்கிறாள், கேட்டால் மறந்ததும் மறந்துபோச்சு என்கிறாள். குளியலறைச் சுவரில் ஈரம் ஏறிப் பெயிண்ட் உரிகிறது, ஆள் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான், போனவன் போனவன்தான். உன் அறைப் பக்கம் ஈரம் வரவில்லை, உன் பெட்டிகளெல்லாம் வைத்தபடியே இருக்கின்றன.

எங்கள் ஓட்டக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் மூன்று வருடமாகச் சேர்க்கை குறைந்துகொண்டே வருகிறது, விளையாட்டுத் துறைக்கு வரும் பணம் பாதியாகிவிட்டது. ஏழு குழுக்களில் நான்கைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று சொல்லி, எதை வைப்பது எதை விடுவது என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் குழுவுக்கு ஆகும் செலவையும் கடைசி இரண்டு வருடப் பலனையும் காட்ட வேண்டும் என்றார்கள். நம் பந்து மாஸ்டர், உனக்குத் தெரியுமே, கால்பந்துக் குழுவைப் பார்க்கிறவர், முன்னாள் மாணவர்கள் கொடுத்த நன்கொடைப் பட்டியல், கோப்பையோடு எடுத்த படங்கள் எல்லாம் ஒட்டித் தலையணை மாதிரி ஒரு கோப்பு தயார் செய்தார். நான் பயிற்சி நேரம் எழுதிவைத்த என் ஐந்து நோட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு ஒரு தைரியம் இருந்தது. நம் குழுவுக்குத்தான் செலவு மிகக் குறைவு, பதினான்கு பேருக்கும் சட்டை எண்ணை அம்மாவே உட்கார்ந்து தைத்துவிடுகிறாள், ஷூ கிழிந்தால் நானே பசை போட்டு ஒட்டிவிடுகிறேன், இவ்வளவு மலிவாக நடக்கிற குழுவை யார் மூடுவார்கள் என்று நினைத்தேன். வண்டிச் செலவு இல்லை என்று இரண்டு வருடமாக எங்களை வெளிப் போட்டி எதற்கும் அனுப்பவில்லை, அதனால் பலன் என்று காட்ட என் பயிற்சி நோட்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அதைக் கொடுக்கிறபோது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

உனக்கு ஒரு விஷயம் தெரியாது. யாருக்கும் தெரியாது, அம்மாவுக்குக்கூடப் போன வாரம் வரை தெரியாது. பயிற்சியில் நான் எழுதுகிற நேரம் உண்மை நேரம் இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரு செகண்ட் கூட்டி எழுதுவேன். வாட்சை என் உள்ளங்கைக்குள்ளேயே வைத்துக்கொள்வேன், நோட்டை மட்டும்தான் காட்டுவேன். இன்னும் பத்தவில்லை, இன்னும் பத்தவில்லை என்று அவர்களுக்குத் தோன்றிக்கொண்டே இருக்க வேண்டும், போட்டியன்று மைதானத்துப் பெரிய கடிகாரத்தில் தங்கள் நேரத்தைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் இருபத்தாறு வருடமாக இதைச் செய்தேன். நல்லது என்றுதான் நினைத்தேன். நாளாக ஆக யோசிக்காமலே செய்ய ஆரம்பித்துவிட்டேன், கண் வாட்சைப் பார்க்கும், கை கூட்டி எழுதிவிடும். போட்டி இருந்தவரை அது யாரையும் கெடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். போட்டி நின்ற பிறகும் கை நிற்கவில்லை.

கமிட்டிக் கூட்டம் காலை பதினோரு மணிக்கு, நிர்வாகக் கட்டடத்து மேல் மாடியில். கணக்கு அதிகாரி அட்டவணையைத் திரையில் போட்டார். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை, எல்லோரையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். செலவில் எங்கள் குழு கடைசி, பலனிலும் கடைசி. ஒட்டகம் என்று ஒரு பெண் என்னிடம் ஓடுகிறாள், நெடுநெடுவென்று உயரம், மற்றவர்கள் வைத்த பெயர், அவளும் ஏற்றுக்கொண்டுவிட்டாள். ஐயாயிரம் மீட்டரில் அவள் தகுதி நேரத்துக்கு ஒன்பது செகண்ட் பின்னால் என்று திரையில் இருந்தது. பன்னிரண்டரைச் சுற்று, பன்னிரண்டரை செகண்ட் என் கைவேலை, உண்மையில் அவள் மூன்று செகண்டுக்கு மேல் முன்னால் இருக்கிறாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எழுந்து நின்று இருப்பதைச் சொன்னேன். பந்து மாஸ்டர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு அதிகாரி மெதுவாகத்தான் கேட்டார், "சார், அன்னிக்கு எழுதினது நிஜமா, இன்னிக்குச் சொல்றது நிஜமா? நான் எதைப் பதிவு பண்ணட்டும்?" நாளைக்கே மைதானத்துக்கு வாருங்கள், வாட்சை உங்கள் கையிலேயே கொடுக்கிறேன் என்றேன். பட்டியல் அன்று மாலைக்குள் மேலே போக வேண்டும், அதோடு இனி ஓடுவது கணக்கில் வராது, ஓடியதுதான் கணக்கு என்றார் கமிட்டித் தலைவர். திருத்தம் என்றால் எழுதினவன் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டிருக்க வேண்டும், அப்படி எதுவும் இந்த ஐந்து நோட்டில் இல்லையே என்று கணக்கு அதிகாரி புரட்டிக் காட்டினார். இருபத்தாறு வருடத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன் என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருப்பேன். படியில் இறங்கும்போது பந்து மாஸ்டர், சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டீர்களே என்றார். ஆமாம் என்றேன்.

மறுநாள் நான்கு வரியில் கடிதம் வந்தது. இந்தப் பருவத்தோடு குழு கிடையாது. உதவித்தொகை வாங்குகிற இரண்டு பேருக்கும் அது நின்றுவிடும், அதில் ஒட்டகமும் ஒருத்தி. எனக்கு வேலை போகவில்லை, ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே, உடற்பயிற்சிக் கூடத்துச் சாவியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யார் கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருக்கிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சாமான் அறையில் தடைக் கட்டைகளை எண்ணி இருபத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடிதம் வந்த மறுநாள் காலை வழக்கம்போல் போய்ச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். போட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் போட்டேன்.

பதினான்கு பேரும் வந்தார்கள். ஓட விட்டேன். அன்றைக்குத்தான் பயிற்சியில் முதல் தடவையாக வாட்சில் இருப்பதை அப்படியே எழுதினேன், கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தித்தான் எழுத வேண்டியிருந்தது. நோட்டை எட்டிப் பார்த்த ஒட்டகம், "சார், வாட்ச் ரிப்பேரா?" என்று கேட்டாள். உட்காரச் சொல்லி எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், யாரும் திட்டவில்லை. ஒருவன் சிரித்தான், அவனுக்கே ஏன் சிரித்தோம் என்று தெரிந்திருக்காது. ஒட்டகம் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள், விரல் விட்டு எண்ணினாள். அப்படியென்றால் போன வருடமே நான் தகுதி நேரத்துக்குள் ஓடிவிட்டேனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். அதைப் பார்த்தபோதுதான் நீ ஞாபகத்துக்கு வந்தாய். வந்தாய் என்று எழுதுவது தப்பு, நீ ஞாபகத்தை விட்டுப் போனதே இல்லை, பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கூடத்தில் உட்கார்ந்து சட்டைகளிலிருந்து எண்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். சட்டைகள் கூடைப்பந்துக் குழுவுக்குப் போகின்றன, வெறும் சட்டையாகக் கொடுக்க வேண்டுமாம். அவள் தைத்தது ஒரு கணக்கிலும் ஏறவில்லை, பிரிப்பதும் ஏறப்போவதில்லை. எதிரில் உட்கார்ந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நோட்டைப் பற்றி, கமிட்டியைப் பற்றி, கடைசியில் உன்னைப் பற்றி. அவள் ஊசியை நிறுத்தவில்லை. ஏழாம் எண்ணைப் பிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள், "அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? ஓடினது அவதானே, அவகிட்ட சொல்லுங்க." அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் தேர்வு ஓட்டம் நடந்தது ஞாபகம் இருக்கும். எண்ணூறு மீட்டர், இரண்டு சுற்று, உதவித்தொகையோடு எங்கள் குழுவில் ஒரே ஒரு இடம், இரண்டு நிமிடம் இருபது செகண்டுக்குள் ஓட வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்கள் ஐந்து பேர், ஆறாவது நீ. ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஓட விட்டு நேரம் எடுத்தது நான். தேர்வு ஓட்டத்தில் நான் கூட்டி எழுதுவதில்லை, அதை ஒரு நேர்மையாகவே வைத்திருந்தேன். அந்த ஐந்து பேருக்கும் சரியாகத்தான் எழுதினேன், அவர்களை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. உன்னை நான்கு வருடமாகத் தினமும் காலையில் ஓட விட்டு, தினமும் இரண்டு செகண்ட் கூட்டி எழுதிப் பழகியிருந்தேன். கை எழுதிவிட்டது. இரண்டு நிமிடம் இருபது புள்ளி ஆறு. மை காய்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. நீ குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டிருந்தாய். அடித்துத் திருத்த ஒரு நிமிடம்கூட வேண்டாம். ஆனால் பக்கத்தில் துறைத் தலைவர் நின்றார், அந்த ஐந்து பேரின் அப்பா அம்மாக்கள் நின்றார்கள். பட்டியலில் ஒரே ஒரு அடித்தல், அதுவும் பயிற்சியாளரின் பெண் வரியில் என்றால் ஊர் வாயை யார் மூடுவது என்று தோன்றிற்று. பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டேன். இரண்டு பத்தொன்பது புள்ளி மூன்றில் ஓடிய பெண்ணுக்கு இடம் போயிற்று, அவள் மேல் குறை இல்லை, நன்றாகத்தான் ஓடினாள். உன்னைவிட மெதுவாக ஓடினாள், அவ்வளவுதான்.

நீ அன்றைக்கு அழவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, "பரவாயில்லப்பா, புள்ளி ஆறுதானே" என்று எனக்கே ஆறுதல் சொன்னாய். அதற்குப் பிறகு நீ ஓடவில்லை. வேறு படிப்பு, வேறு ஊர், வேலை, கல்யாணம் எல்லாம் நல்லபடியாகத்தான் வந்தது, அந்த இடம் கிடைத்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அது தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், நீ ஜெயித்தாய், தோற்றுவிட்டாய் என்று நான் எழுதினேன். உன் கல்யாணத்தில் யாரோ இவள் சின்ன வயதில் ஓடுவாளாமே என்று கேட்டதற்கு, எனக்கு அவ்வளவு வராது, அப்பாவுக்குத் தெரியும் என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அதற்காகத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது, எழுதியதற்குக்கூட இல்லை. மன்னித்துவிடு என்று எழுதினால் நீ போன் செய்து பரவாயில்லப்பா என்பாய், அதனால் அதை எழுதவில்லை. கோபம் வந்தால் கோபப்படு, போன் செய்ய வேண்டாம் என்று தோன்றினால் செய்யாதே, நான் அம்மாவிடம் விசாரித்துக்கொள்கிறேன்.

மழை நாளில் சின்னவனைத் தனியாக மாடிப்படி இறங்க விடாதே. நீயும் நாள் முழுக்க நாற்காலியில் உட்காராதே, உனக்கு இடது முழங்கால் பிடித்துக்கொள்ளும், எழுந்து நட. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கூடிவந்து, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவிடம் பேசும்போது மாத்திரை போட்டாளா என்று மறக்காமல் கேள், நீ கேட்டால்தான் போடுகிறாள்.

பழைய பட்டியல்களைக் கிழிக்கப் போட்டிருந்தார்கள், அதிலிருந்து அந்தத் தாளை எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஆறாவது வரியைப் பார். அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் இன்றைய தேதியும் போட்டிருக்கிறேன். இரண்டு நிமிடம் பதினெட்டு புள்ளி ஆறு. இனி அது எந்தக் கணக்கிலும் வராது, ஆனாலும் அதுதான் உன் நேரம்.

இப்படிக்கு,
நேரம் எடுத்தவன்,
உன் அப்பா